ரத்து செய்வதை ரத்து செய்

என் மாமனார் வீட்டு உறவினர்கள் வெகுநாள் என்னைத் தையல் சாமான் வியாபாரி என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. மாப்பிள்ளை என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டவர்களிடமெல்லாம் மாமனார், "பட்டன் போடுறார்" என்று சொல்லி வைத்திருந்தார். ஒரு கல்யாணத்தில் ஒரு பெரியவர் தன் சட்டைக் கையை என் முன்னால் நீட்டி, இந்த மாதிரி பட்டன் மொத்தமாக எடுத்தால் என்ன விலைக்கு வரும் என்று விசாரித்தார். கேட்டுச் சொல்கிறேன் என்றேன். வேறென்ன சொல்ல முடியும்?

மாமனார் பொய் சொல்லவும் இல்லை. வெப்சைட்டுகளில் பார்ப்பவர் கண்ணில் படும் பகுதியைச் செய்வதுதான் என் வேலை. அதில் படம் போடுகிறவர் ஒருவர், எழுதுகிறவர் ஒருவர், கணக்கு வழக்கைப் பின்னாலிருந்து பார்க்கிறவர் ஒருவர் என்று ஆள் இருக்கிறார்கள். எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தால் எனக்கென்று மிஞ்சுவது பட்டன்தான். கல்யாணப் பேச்சு நடந்தபோது நான் இதை ஒரு மணி நேரம் விளக்கினேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ பட்டன்" என்றார். அன்றைக்கு ஒட்டியது, அப்படியே நின்றுவிட்டது.

எங்கள் கம்பெனி ஒரு டயர் கடைக்கு மேலே, மாடியில் இருக்கிறது. மொத்தம் ஆறு பேர். கீழே காற்றடிக்கும் மெஷின் ஓடும்போதெல்லாம் நாங்கள் பேச்சை நிறுத்திக்கொள்வோம். வெளியூர் வாடிக்கையாளர்களோடு வீடியோவில் பேசும்போது, "உங்கள் அலுவலகத்தில் ஏதோ கசிகிறதா?" என்று கேட்பார்கள். முதலாளி என்னைவிடப் பத்து வயது சின்னவர். "இங்க முதலாளின்னு யாருமே இல்ல, நாம எல்லாரும் சமம்" என்று முதல் நாளே சொன்னார். அதிலிருந்து அவருக்கு முதலாளி என்றே பெயர் நிலைத்துவிட்டது.

எனக்குப் பெயர் ஓரம். ஒரு பட்டன் இருக்கவேண்டிய இடத்திலிருந்து ஒரு புள்ளி தள்ளியிருந்தாலும் எனக்குச் சோறு இறங்காது, அதனால் ஓரம் அண்ணா. இன்னொருவரை அறிமுகப்படுத்த வேண்டும். நாங்கள் செய்து முடித்ததை எல்லாம் சோதித்துப் பார்க்கும் பெண். அவருக்குச் சோதனை என்று பெயர். வேலையும் அதுதான், எங்களுக்கு வாய்த்ததும் அதுதான்.

முதலாளிக்கு ஒரு கொள்கை உண்டு. கம்பெனி என்றால் காசு மட்டும் பார்த்தால் போதாது, சுற்றியிருப்பவர்களுக்கும் ஏதாவது செய்ய வேண்டும். அதற்காக மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் வாடிக்கையாளர் வேலை எதையும் தொடமாட்டோம். ஊர் வேலைதான். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, இதே தொழிலில் இருக்கும் நாற்பது ஐம்பது பேர் எங்கள் மாடிக்கு வருவார்கள். யாராவது ஒருவர் தொழிலைப் பற்றிப் பேசுவார், மற்றவர்கள் பிஸ்கட் சாப்பிடுவார்கள். ஊர் வேலைக்கான வெள்ளிக்கிழமையில் முதல் ஒரு வருடம் நாங்கள் என்ன செய்தோம் என்று கேட்டால் எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். ஊருக்கு என்ன செய்யலாம் என்று பேசினோம். பேச்சு முடியாததால், அதற்கு என்ன சின்னம் வைக்கலாம் என்று தனியாகப் பேசினோம்.

அப்போதுதான் நர்ஸம்மா மாடியேறி வந்தார். பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். தனியாக ஆஸ்பத்திரிக்குப் போய்வர முடியாத நோயாளிகளை, சொந்தமாகக் கார் வைத்திருக்கும் நல்ல மனசுக்காரர்கள் இலவசமாக ஏற்றிக்கொண்டு போய்விடுகிற ஏற்பாடு ஒன்றை நடத்திவந்தார். யார் வீட்டுக்கு யார் போவது என்பதெல்லாம் அவர் போனில்தான் நடந்தது. எங்களோடு பேசிக்கொண்டிருந்தபோதே அந்தப் போன் ஓயாமல் அடித்தது.

"ஆடம்பரமா எதுவும் வேணாம் தம்பி. இந்தப் போன் அடிக்காம இருந்தா போதும்" என்றார்.

சின்னத்தைக் கைவிட்டுவிட்டு வேலையில் இறங்கினோம். ஓட்டுநருக்கு ஒரு பக்கம், நோயாளிக்கு ஒரு பக்கம். ஓட்டுநர் தன் பக்கத்தைத் திறந்தால் யாரை எப்போது ஏற்ற வேண்டும் என்று பட்டியல் தெரியும். நோயாளி தன் பக்கத்தைத் திறந்தால் வண்டி வரும் நேரமும் ஓட்டுநரின் படமும் தெரியும். அதற்குக் கீழே, பயணம் வேண்டாம் என்றால் அமுக்குவதற்கு ஒரு சிவப்புப் பட்டன்.

அந்தச் சிவப்புப் பட்டனுக்காக நான் மெனக்கெட்டதை என் பிள்ளைகளுக்காக மெனக்கெட்டிருந்தால் அவர்கள் இந்நேரம் நன்றாகப் படித்திருப்பார்கள். நிழல் வைத்தேன். தொட்டால் லேசாக அமுங்கி எழும்பும்படி செய்தேன். பார்த்தால் தொடத் தோன்ற வேண்டும் என்று நினைத்தேன், தோன்றியது. ஆஸ்பத்திரிக்குப் போகாதே என்று சொல்கிற பட்டனை எதற்காக அவ்வளவு ஆசையாகத் தொட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அதைத் தொட்டால் ஒரு சின்னப் பெட்டி எழும்பிக் கேள்வி கேட்கும். "உங்கள் பயணத்தை ரத்து செய்யவா?" கீழே இரண்டு பட்டன்கள், "சரி" என்று ஒன்று, "ரத்து" என்று ஒன்று. இந்தப் பெட்டியை நான் புதிதாகச் செய்யவில்லை. எங்களுடைய பழைய வேலை ஒன்றிலிருந்து அப்படியே எடுத்துவந்து ஒட்டினேன். எங்கள் தொழிலில் எல்லாரும் செய்வதுதான் அது. ஒரு இடத்தில் ஓடினது இன்னொரு இடத்திலும் ஓடும் என்ற நம்பிக்கையில்தான் எங்கள் பிழைப்பே நடக்கிறது. பக்கம் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதற்காக இன்னொன்றும் செய்தேன். ரத்தான பயணம் ஓட்டுநரின் பட்டியலிலிருந்து சத்தமில்லாமல் மறைந்துபோகும்.

ஒருவர் எழுதிய புரோகிராமை மற்றவர்கள் படித்துப் பார்த்துக் கருத்துச் சொன்ன பிறகுதான் அது வெளியே போகலாம் என்று எங்களிடம் கண்டிப்பான வழக்கம் உண்டு. என்னுடையதற்குக் கருத்துகள் குவிந்தன. வரியின் தொடக்கத்தில் இரண்டு இடம் விட வேண்டுமா, நான்கு இடம் விட வேண்டுமா என்பதில் இரண்டு கட்சியாகப் பிரிந்து ஒரு நாள் முழுக்கச் சண்டை போட்டோம். நான் நான்கு கட்சி. கடைசியில் முதலாளி தலையிட்டுச் சமாதானம் செய்துவைத்தார். பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருவரும் படிக்கவில்லை. படித்திருக்கக்கூடிய ஒரே ஆளான சோதனை, தன் தங்கையின் பிரசவத்துக்காக நீண்ட விடுப்பில் இருந்தார்.

இனி மாமனார். வாழ்நாள் முழுக்கப் பஸ் ஓட்டியவர். அத்தை போன பிறகு தன் சின்னக் காரோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். ஓய்வு அவருக்கு ஒத்துவரவில்லை. நான் வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நாட்களில் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, "காலையிலயும் இதே பட்டன்தானே மாப்பிள்ளை இருந்துச்சு?" என்பார். நர்ஸம்மாவுக்கு ஓட்டுநர்கள் தேவை என்று நான் சாப்பாட்டு மேசையில் சொன்னது சமூக அக்கறையால் அல்ல. மனிதர் கொஞ்ச நேரம் வெளியே போய்வந்தால் என் முதுகுக்கு ஓய்வு கிடைக்கும் என்பதற்காகத்தான்.

அவர் பிடித்துக்கொண்டார். படத்துக்காக இஸ்திரி போட்ட சட்டையில் விறைப்பாக நின்றார், நானே எடுத்தேன். முதல் ஆளாகச் சேர்ந்தார். விடிந்ததும் கார்க் கண்ணாடியைத் துடைப்பார். யார் வீட்டுக்கு எந்தத் தெரு வழியாகப் போனால் குலுங்காது என்று மேசையில் உப்பு டப்பாவையும் கரண்டியையும் வைத்து எங்களுக்கு விளக்குவார். என் மனைவி, அப்பா பழையபடி ஆகிவிட்டார் என்று சந்தோஷப்பட்டாள். நானும் நல்ல பெயர் வாங்கிக்கொண்டேன்.

பிறகு புகார் வர ஆரம்பித்தது. மாமனார் ஏற்ற வேண்டிய ஒரு அம்மா வாசலிலேயே காத்திருந்து, வண்டி வராமல், கடைசியில் வாடகைக் கார் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனாராம். அடுத்த வாரம் இன்னொருவர் வீட்டு வாசலில் மாமனார் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றார். வீட்டுக்காரர் வாயில் பிரஷ்ஷோடு வந்து, "நேத்தே வேண்டாம்னு போட்டுட்டேனே" என்றாராம். அதற்கடுத்து மறுபடியும் மாமனார் ஒரு வீட்டுக்குப் போகவில்லை.

"நேத்து சாயந்திரம் பார்த்தேன் மாப்பிள்ளை, அந்தம்மா பேரு இருந்துச்சு. காலையில பார்த்தா இல்ல. சரி, வேற யாருக்காவது மாத்திட்டாங்கன்னு நினைச்சேன்" என்றார்.

நான் அவர் போனை வாங்கிப் பார்த்தேன். பட்டியல் பளிச்சென்று, நான் ஆசைப்பட்ட மாதிரியே சுத்தமாக இருந்தது. "அப்படி ஒண்ணும் இல்லையே மாமா" என்றேன். சாதாரணமாகத்தான் சொன்னேன். நான் செய்த பக்கம் தப்பாகக் காட்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை, மாமனாரின் கண் தப்பாகப் பார்த்திருக்கும் என்றுதான் தோன்றியது. அவர் போனை வாங்கி இன்னொரு முறை பார்த்தார். சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

நர்ஸம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தப்பா எடுத்துக்காதீங்க தம்பி. நான் நிறையப் பேரைப் பார்த்திருக்கேன். இப்படித்தான் ஆரம்பிக்கும். ஐயாவுக்கு ஞாபகம் எப்படின்னு ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிடுங்க." வீட்டில் சொன்னதும் மனைவிக்கு முகத்தில் ஈயாடவில்லை. வெளியூரில் இருக்கும் தன் அண்ணனுக்குப் போன் போட்டாள். அவர் அங்கிருந்தே, "முதல்ல கார்ச் சாவியை வாங்கி வை" என்று தீர்ப்புச் சொன்னார். சாவியை எப்படிக் கேட்பது என்று அவள் இரண்டு நாள் தவித்தாள்.

கேட்கவே வேண்டியிருக்கவில்லை. அவரே கொண்டுவந்து அவள் கையில் வைத்தார். "நீயே வச்சுக்கம்மா. இருந்தது இல்லங்கிறேன், இல்லாதது இருக்குங்கிறேன். நாளைக்குச் சிவப்பு விளக்கைப் பச்சைன்னு நினைச்சுட்டா?" அவ்வளவுதான் சொன்னார். அன்றிலிருந்து என் பின்னால் வந்து உட்காரவும் இல்லை. முதுகுக்கு ஓய்வு கிடைத்தது. அந்த ஓய்வு எனக்குப் பிடிக்கவே இல்லை, உண்மையைச் சொன்னால் பயமாக இருந்தது. ஞாபக மறதிக்குப் பார்க்கிற ஒரு கிளினிக்கின் வெப்சைட்டில் திங்கட்கிழமைக்கு நேரம் பதிவு செய்தேன்.

இதற்கு நடுவில் அந்த மாதச் சனிக்கிழமை வந்தது. அன்று பேச வேண்டியவன் நான். தலைப்பு, "எல்லோருக்குமான வலை". யார் வந்தாலும், எந்த வயதானாலும், தடுக்கி விழாமல் பயன்படுத்தும்படி வெப்சைட் செய்வது எப்படி என்பதைப் பற்றி. தலைப்பை நானேதான் கேட்டு வாங்கினேன். நர்ஸம்மாவையும் ஓட்டுநர்களையும் மேடைக்கு அழைத்து நன்றி சொல்வதாகவும் ஏற்பாடு. மாமனார் வரமாட்டேன் என்றார். மனைவிதான், இவ்வளவு நாள் ஓட்டியதற்காவது வாருங்கள் என்று கெஞ்சிக் கூட்டிவந்தாள். இஸ்திரி போட்ட அதே சட்டையில், முதல் வரிசையில், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நான் வெளுத்து வாங்கினேன். பயனரை மதிக்க வேண்டும் என்றேன். பயனர் தடுமாறினால் குற்றம் பயனர் மேல் இல்லை, செய்தவன் மேல்தான் என்று மேசையைத் தட்டிச் சொன்னேன். சிலர் அதை எழுதிக்கொண்டார்கள். கைதட்டல் அடங்கியதும், விடுப்பு முடிந்து வந்திருந்த சோதனை எழுந்தார்.

"அண்ணா நல்லா பேசினாங்க. அப்படியே ஒரு பயனர் சோதனையும் இங்கேயே பண்ணிப் பார்த்துடலாமா?"

பயனர் சோதனை என்றால், வெளியாள் ஒருவரிடம் ஒரு வேலையைக் கொடுத்து, அவர் அதை எப்படிச் செய்கிறார் என்று பார்ப்பது. அதில் ஒரே ஒரு விதி. செய்தவன் வாயைத் திறக்கக் கூடாது, தலையைக்கூட அசைக்கக் கூடாது. நாங்கள் அதுவரை பக்கத்து மேசைக்காரரை உட்காரவைத்துத்தான் இதை நடத்திவந்தோம். அவர் எப்போதும் தேறிவிடுவார். சோதனை சுற்றிப் பார்த்துவிட்டு, "ஐயா, நீங்க வரீங்களா?" என்று மாமனாரிடம் கேட்டார். மாமனார் என்னைப் பார்த்தார். வரட்டுமா என்று கேட்கிற பார்வை. விதிப்படி நான் சிலையாக நின்றேன்.

ஓட்டுநர் பக்கத்தை மட்டுமே பார்த்தவர் அவர். நோயாளியின் பக்கத்தை அன்றுதான் முதல் தடவை பார்க்கிறார். சோதனை ஒரு போனைக் கையில் கொடுத்தார். போனில் தெரிந்தது பின்சுவரில் பெரிதாகத் தெரிந்தது. "நாளைக்கு நீங்க ஆஸ்பத்திரிக்குப் போகணும். வண்டி எத்தனை மணிக்கு வரும்னு பார்த்துச் சொல்லுங்க. மனசுல தோணுறதை வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே செய்ங்க. அவ்வளவுதான்."

மாமனார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். வண்டி நேரம் மேலே சின்ன எழுத்தில் இருந்தது. அழகுக்காகச் சாம்பல் நிறத்தில் போட்டிருந்தேன். அவர் கண் அங்கே போகவில்லை. விரல் நேராகச் சிவப்புப் பட்டனுக்குப் போயிற்று. பட்டன் அழகாக அமுங்கி எழுந்தது.

"ஏதோ கேக்குது" என்று சத்தமாகப் படித்தார். "உங்கள் பயணத்தை ரத்து செய்யவா? வேணாம்ப்பா, நான் போகணுமே. கீழ ரெண்டு இருக்கு. சரி, ரத்து. ரத்து வேணாங்கும்போது ரத்தை எதுக்கு அமுக்கணும்? நான் போறேன். சரி."

"சரி"யை அமுக்கினார். சுவரில் இருந்த பயணம், நேரம், படம் எல்லாம் மறைந்தன. "உங்களுக்குப் பயணம் எதுவும் இல்லை" என்று சாம்பல் நிறத்தில் ஒரு வரி வந்தது.

மாமனார் சுவரைப் பார்த்தார். கையிலிருந்த போனைப் பார்த்தார். பிறகு திரும்பி, உட்கார்ந்திருந்த அத்தனை பேரையும் பார்த்தார்.

"இப்ப இருந்துச்சு" என்றார். "இப்ப இல்ல. நீங்க எல்லாரும் பார்த்தீங்கல்ல? இருந்துச்சுல்ல?"

"இருந்துச்சு" என்று யாரோ சொன்னார்கள். பிறகு நிறையப் பேர் சொன்னார்கள்.

மனைவி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நர்ஸம்மா எழுந்துவந்து மாமனாரின் கையைப் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சுக்குங்க ஐயா" என்றார். நான் மட்டும் வாயைத் திறக்கவில்லை. விதி என்று சொல்லிக்கொள்ளலாம்தான், ஆனால் விதி இல்லாவிட்டாலும் எனக்குப் பேச்சு வந்திருக்காது.

சோதனை விடவில்லை. "பயணம் வேணாம்னா எதை அமுக்கணும்? கை தூக்குங்க" என்று கூட்டத்தைக் கேட்டார். தினம் பட்டன் போட்டுச் சாப்பிடுகிற கூட்டம் அது. பாதிப்பேர் "சரி" என்றார்கள், பாதிப்பேர் "ரத்து" என்றார்கள். முதலாளி இரண்டுக்கும் கை தூக்கினார்.

அங்கேயே உட்கார்ந்து மாற்றினோம். "ஆமா, பயணம் வேண்டாம்" என்று ஒரு பட்டன், "இல்ல, பயணம் இருக்கட்டும்" என்று ஒரு பட்டன். வார்த்தைக்கு வார்த்தை சண்டை நடந்தது, பிஸ்கட் தீரும்வரை யாரும் எழுந்து போகவில்லை. ரத்தான பயணம் இனிப் பட்டியலில் கோடு போட்டு அங்கேயே நிற்கும், ஓட்டுநருக்குத் தகவலும் போகும். சிவப்புப் பட்டனைச் சாம்பலாக்கினேன், வண்டி நேரத்தைப் பெரிதாக்கினேன். முடித்து எல்லார் பார்வைக்கும் வைத்ததும் முதல் கருத்து வந்தது. நான்கு இடம் விட்டிருக்கிறீர்கள், இரண்டு விடுங்கள் என்று. மறுபேச்சில்லாமல் இரண்டு விட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி சாவியை எடுத்து மேசையில், அவர் முன்னால் வைத்தாள். மாமனார் தொடவில்லை.

"முதல்ல அந்தத் திங்கட்கிழமை டாக்டரை வேணாம்னு சொல்லுங்க மாப்பிள்ளை. அது இருக்கும்போது இதை எப்படி எடுக்கறது?"

நியாயம்தான். போனில் கிளினிக்கின் வெப்சைட்டைத் திறந்தேன். அவர் நாற்காலியை இழுத்துக்கொண்டு, பழையபடி என் பின்னால் வந்து உட்கார்ந்தார். வேண்டாம் என்பதற்கான பட்டனைத் தொட்டேன். ஒரு சின்னப் பெட்டி எழும்பியது. "உங்கள் முன்பதிவை ரத்து செய்யவா?" கீழே "சரி" என்று ஒன்று, "ரத்து" என்று ஒன்று.

பெட்டியின் வளைந்த முனைகளை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் எங்கள் கம்பெனியின் பெயர் இருந்தது. நான் பெட்டியை எடுத்துவந்த பழைய வேலை இதுதான். எதை அமுக்கினால் என்ன ஆகும் என்று உலகத்தில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். சாயந்திரம் முழுக்க அதைப் பற்றியே சண்டை போட்டதில், விரல் இரண்டுக்கும் நடுவில் நின்றுவிட்டது.

"யாரு போட்ட பட்டன் இது?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

"நான்தான் மாமா."

அவர் என் கையிலிருந்து போனை வாங்கினார். பக்கத்தின் மேலே இருந்த நம்பரைத் தேடி, தானே அழைத்தார்.

"வணக்கம்மா. திங்கட்கிழமைக்கு ஒரு பதிவு இருக்கு, எனக்குத்தான். வேணாம், எடுத்துடுங்க. இல்லம்மா, தேதியெல்லாம் மாத்த வேணாம். ஞாபகம் நல்லாத்தான் இருக்கு. ஆமா, ரத்துதான். ரத்துன்னா ரத்தேதான். யாரு பதிவு பண்ணாங்களா? என் மாப்பிள்ளைம்மா. பட்டன் போடுறார்."

அந்தப் பக்கம் ஏதோ கேட்டிருக்க வேண்டும். மாமனார் கையை நீட்டிச் சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"இல்லம்மா, சட்டைப் பட்டன் இல்ல" என்றார்.